தலையில் ஒரு புள்ளி

"உப்புல ஈ இருக்கு, கலைச்சிடாதே" என்று அக்கா குளியலறைக்குள்ளிருந்து கத்தினாள். நானும் ஈயைத்தான் தேடினேன். தட்டில் பரப்பிய உப்பில் விரலால் எழுதிய ஈ அது. அடுப்பில் கொதிப்பதற்குப் போட உப்பில்லாமல் நான் கரண்டியோடு நிற்க, வீட்டு உப்பெல்லாம் பாடப் புத்தகமாகிக் கிடந்தது.

எல்லாம் பெரிசுக்காக. பெரிசு என்றதும் யாரோ கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அக்காவின் மூத்த பெண், இன்னும் நாலு வயது நிரம்பவில்லை. பின்னால் ஒரு தம்பி பிறந்து அவன் சின்னது ஆனதால் இவள் பெரிசு ஆனாள், அவ்வளவுதான். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த டீச்சர் ஒரு பென்சிலைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னாராம். பெரிசு அதைக் கடித்துப் பார்த்திருக்கிறாள். "விரல்ல வலு இல்லை, எழுத்தும் தெரியலை, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அதே வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் பார் என்று சபதம் போட்டாள்.

அக்கா ஒன்றைக் கையில் எடுத்தால் விட மாட்டாள். அவளுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. வானம் ஏன் நீலம், காய்ச்சலுக்கு என்ன மருந்து, தன் வீட்டுக்காரரான மாமாவின் ஆபீசில் யார் யாருக்குக் குழி பறிக்கிறார்கள், எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள். 'தெரியலை' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகாத தங்கை என்று என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவள் ஆயிற்றே என்று நானும் எல்லாப் பதிலையும் ஏற்றுக்கொண்டேன்.

போனில் யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வீட்டையே மாற்றினாள். தட்டில் உப்பைக் கொட்டி விரலால் எழுதுவது. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிப்பது. கோதுமை மாவைப் பிசைந்து பாம்பாக உருட்டி அ, ஆ என்று வளைப்பது. விரலுக்கு வலு வர துணிக் கிளிப்பை அழுத்தி அழுத்தி அட்டையில் மாட்டுவது. நான் காய வைத்த துணியெல்லாம் கிளிப் இல்லாமல் கீழ்வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தையும் பெரிசு சரியாகச் சொன்னால் வீட்டில் இருக்கும் எல்லோரும் கைதட்ட வேண்டும், அது சட்டம். துணிக்கடையில் நாள் பூராவும் பில் போட்டுவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் கைதட்டியிருக்கிறேன்.

உயிரெழுத்தெல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. கடைசியில் வரும் ஃ-க்கு மூன்று பாட்டில் மூடிகளை முக்கோணமாக வைத்தாள் அக்கா. "இது அக்கன்னா. எஃகுல வரும்." எஃகு என்றால் என்ன என்று பெரிசு கேட்டாள். "இரும்பு மாதிரி, அதைவிடக் கெட்டி. பளபளன்னு இருக்கும்" என்றாள் அக்கா. மூன்று மூடிகளையும் பெரிசு மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். மற்ற எழுத்துகளை எல்லாம் விட அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

வில்லங்கம் மெய்யெழுத்தில் வந்தது.

க-வுக்கும் க்-குக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது? பெரியவர்களுக்கே சொல்ல வராது. அக்காவுக்கு வந்தது. மாவில் செய்த க-வைத் தட்டில் வைத்தாள்.

"இதுக்குள்ள உயிர் இருக்கு. அதனாலதான் வாயைத் திறந்து கன்னு கத்துது. இப்போ தலையில ஒரு புள்ளி வைக்கப்போறேன். வச்சாச்சா? உயிர் போயிடுச்சு. இனிமே கத்தாது. க். அவ்வளவுதான்."

"உயிர்னா என்னம்மா?"

"அதுதான் சத்தம் போட வைக்கிறது."

"புள்ளி வச்சா போயிடுமா?"

"போயிடும். புள்ளிய எடுத்தா திரும்ப வந்துடும்."

அடுத்து ம. அக்கா வாயைப் பிளந்து "ம" என்று கத்துவாள். பெரிசு கறுப்பு ஸ்டிக்கர் ஒன்றை அதன் தலையில் ஒட்டுவாள். உடனே இருவரும் விரலை உதட்டில் வைத்து "ம்" என்று உதட்டை மூடிக்கொள்வார்கள். வீடு சட்டென்று அமைதியாகும். பெரிசுக்கு அந்த அமைதியில் ஒரு ருசி கண்டுவிட்டது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?

"என்னக்கா இது, சொல்லித்தர்ற லட்சணமா? உயிர் போயிடும், உயிர் போயிடும்னு" என்றேன்.

"புரிஞ்சிடுச்சா இல்லையா, அதைப் பாரு" என்றாள் அக்கா.

புரிந்துதான் விட்டது. அன்றைக்கே பெரிசு இன்னொன்றும் கேட்டாள். ஃ உயிரா மெய்யா என்று. "அது ரெண்டுலயும் சேராது. உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. நடுவுல தனியா நிக்கும்" என்றாள் அக்கா. பெரிசு மூன்று மூடிகளையும் எடுத்துத் தட்டின் நடுவில் தனியாக வைத்தாள்.

பிறகு வீட்டில் சத்தம் போடுகிற எல்லாவற்றுக்கும் புள்ளி வந்தது. மிக்ஸிக்கு ஒன்று, தண்ணீர் சொட்டும் குழாய்க்கு ஒன்று, என் அலாரத்துக்கு ஒன்று. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் தலையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். அது எப்போதும் டிக் டிக் என்று நச்சரிக்கும் கடிகாரம். சில நாளில் அது நின்றுபோனது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாமா சொன்னார், வாங்கி வருகிறேன் என்றும் சொன்னார், வாங்கி வரவில்லை. பெரிசு மட்டும் அதைக் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, தான் போட்ட கணக்கு சரியாக வந்தது போலத் தலையை ஆட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டில் பெரிசு சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் கறுப்புப் புள்ளி. நான் சிரித்துக்கொண்டே எடுக்கப் போனேன்.

"எடுக்காத சித்தி. இன்னும் போகலை."

"எது போகலை?"

"உயிர்."

மாமா விழித்துக்கொண்டார். விஷயம் தெரிந்து இருமல் வரும்வரை சிரித்தார், அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால், "விளையாட்டுக்குச் சொல்றாடி. உயிர்னா அவளுக்கு அ, ஆ தான்" என்றாள் அக்கா. இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தை காத்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்கிறவளைப் போலக் காத்திருந்தாள்.

ஸ்டிக்கர்தான் சரியில்லை என்பது பெரிசின் முடிவு. ஓரம் சுருண்டு விழுந்துவிடுகிறது, உயிர் திரும்ப வந்துவிடுகிறது. அக்காவுக்கும் அதே குறைதான், மாவில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. மாமா ஆபீசிலிருந்து ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். வேலை மாறிப் போன மேனேஜர் ஒருவர் மேஜையிலேயே விட்டுப் போனதாம். உள்ளே குட்டிக் குட்டிக் காந்த உருண்டைகள், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, பளபளவென்று. மனசுக்கு அமைதி வர அந்த மனுஷர் கையில் உருட்டிக்கொண்டிருப்பாராம். அக்கா காகிதத்தில் எழுத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் வைத்து, தலையில் ஓர் உருண்டையை வைத்தாள். டக் என்று ஒட்டிக்கொண்டது. அதுதான் அவள் தேடிக்கொண்டிருந்த புள்ளி.

"எஃகு" என்றாள் பெரிசு. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

எனக்கு மட்டும் கை தட்டும்போதே கண் சின்னதின் மேல் போனது. அவன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். தரையில் கிடப்பது எதுவானாலும் அவன் வாய்க்குத்தான் போகும். "எறும்பைக்கூட விட மாட்டேங்கிறான், இந்த நேரத்துல இது வேணுமா?" என்றேன்.

"டப்பா ஃபிரிட்ஜ் மேலதானே இருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ பெத்து வளர்க்கும்போது உன் இஷ்டப்படி வளர்த்துக்கோ."

சுருக்கென்றுதான் இருந்தது, எழுந்து போய்விட்டேன். இரவு பெரிசு என் பக்கத்தில் வந்து படுத்தபோது காதில் சொன்னாள், "இது நல்லா ஒட்டுது சித்தி. விழாது."

சின்னதுக்குப் பல் முளைக்கிற நேரம். ராப்பகலாக அழுதான். பாடம் நடுவில் அவன் அழுதால் அக்கா மாவுக் கையோடு எழுந்து ஓடுவாள். பெரிசு பாதி எழுத்தோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. தம்பியை அடிக்க மாட்டாள், கிள்ள மாட்டாள். "பாப்பாவுக்குள்ள ரொம்ப உயிர் இருக்கும்மா" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள். அக்கா அதை மாமாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பிள்ளை கவிதை மாதிரிப் பேசுகிறதாம்.

அன்றைக்கு மதிய ஷிப்டுக்குக் கிளம்ப நான் அறையில் கடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாடம் நடந்தது. அக்காவின் போன் அடித்தது. "ஸ்கூல்லேர்ந்துடி! மறுபடி கேட்டு வச்சிருந்தேன்ல" என்றாள். சின்னது அழுதுகொண்டிருந்ததால் போனோடு வெளியே போய்ப் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னதின் அழுகை அதிகமானது. பிறகு நின்றது. நான் காலரைத் திருப்பிப் போட்டேன். மறுபடி அழுதான், மறுபடி நின்றது. அப்பாடா, அக்கா வந்து தூக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை வீறிட்டான், அதுவும் நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. கடிகாரம் ஓடாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெரிசு அறை வாசலில் வந்து நின்றாள். முகம் பூத்திருந்தது. விரலை உதட்டில் வைத்தாள்.

"சித்தி, பாப்பா ம்."

இஸ்திரிப் பெட்டியை எப்படி நிமிர்த்தி வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கூடத்துக்கு ஓடினேன். சின்னது பாயில் உட்கார்ந்து, எச்சில் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தான். போன உயிர் திரும்பி வந்தது எனக்குத்தான். அவன் தலையைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவனை வாரி எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

"புள்ளி வச்சியாடி தம்பிக்கு?"

"வச்சேன். தலையில நிக்கலை, உருண்டு உருண்டு விழுந்துச்சு. அப்புறம் அவனே வாங்கிக்கிட்டான்."

"எங்க வாங்கிக்கிட்டான்?"

பெரிசு தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள்.

அப்போதுதான் பார்த்தேன். தகர டப்பா பாயின் ஓரத்தில் திறந்து கிடந்தது. போன் வந்த அவசரத்தில் அக்கா அதைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உருண்டைகள் ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிக்கிடந்தன, குறைந்திருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பால்கனிக் கதவு திறந்தது. "இடம் கிடைச்சுடுச்சுடி! நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றபடி அக்கா உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

நான் சின்னதின் வாயில் விரலை விட்டுத் துழாவினேன். புதுப் பல் தட்டுப்பட்டது. வேறொன்றும் இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டோம். "போயிடும், போயிடும். நான் சின்ன வயசுல காசே முழுங்கியிருக்கேன். வாழைப்பழம் குடு, நாளைக்கு வெளிய வந்துடும்" என்றார். அவர் குரலில் இருந்த தைரியத்தைப் பிடித்துக்கொள்ள அக்கா தவித்தது தெரிந்தது. வாழைப்பழத்தை உரிக்கக்கூட ஆரம்பித்தாள். நான் அதைப் பிடுங்கி வைத்தேன். "மாமா முழுங்கினது காசு. இது ஒண்ணையொண்ணு இழுக்கிற சாமான். கிளம்புக்கா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை அதட்டினேன், அவளும் கிளம்பினாள்.

வண்டியில் சின்னது என் மடியில் சமர்த்தாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்தால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று சொல்ல மாட்டார்கள். அக்கா பெரிசின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை செல்லம்? பாப்பா எத்தனை வாங்கிக்கிட்டான்?"

பெரிசு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பாடத்தில் சந்தேகம் வந்தால் அவள் அப்படித்தான் பார்ப்பாள். பதில் அந்த முகத்தில்தான் இருக்கும்.

"ரெண்டு?"

அக்காவின் முகம் மாறியது.

"ஒண்ணு" என்றாள் பெரிசு உடனே.

"ஒண்ணுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒண்ணுதானே கண்ணு?"

"ஒண்ணுதான்."

அக்கா மூச்சு விட்டாள். ஒன்று என்றால் பயமில்லை, ஒன்று எதை இழுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் சொன்னேன், "அக்கா, அவன் அழுகை விட்டு விட்டு நின்னுது. நான் கேட்டேன். ஒண்ணா இருக்காது." "நீ சும்மா இருடி. அவ சொல்றா இல்ல?" என்று எரிந்து விழுந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. ஒன்றாக இருக்கட்டும் என்று நானும்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். அவரிடமும் ஒன்று என்றுதான் அக்கா சொன்னாள். நான் கேட்டதை நான் சொன்னேன். அவர் யாருடனும் வாதாடவில்லை. "ஒண்ணுன்னா தானா வெளிய வந்துடும். ஒண்ணுக்கு மேலன்னா, வேற வேற நேரத்துல உள்ள போனது குடலுக்குள்ள வேற வேற இடத்துல இருந்துக்கிட்டு ஒண்ணையொண்ணு தேடும். நடுவுல குடல் மாட்டிக்கும். படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். 'தேடும்' என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றது.

எக்ஸ்ரே அறைக்குள் அக்கா சின்னதைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதான். நான் பெரிசை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் அவன் விலா எலும்புகள், சின்ன இடுப்பு, முதுகெலும்பு. அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வெள்ளையாக, வட்டமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு.

யாரும் வாயைத் திறப்பதற்குள் என் இடுப்பிலிருந்து பெரிசு கையை நீட்டினாள்.

"ஃ" என்றாள். "அம்மா, அக்கன்னா. எஃகுல வரும்."

திரையில் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று புள்ளிகள் இருந்தன. அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். படித்துவிட்டு எங்கள் கைகளைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாங்கள் ஏன் தட்டவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை.

"குழாய் விட்டு எடுக்கிற இடத்தைத் தாண்டிடுச்சு. வயித்தைத் திறக்கணும், இப்பவே. குடல்ல ஓட்டை விழுந்திருக்கான்னு திறந்தாதான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. ஆபீசிலிருந்து மாமா வந்து சேர்வதற்குள் எல்லாம் வேகமாக நடந்தது. யாரோ சின்னதின் சட்டையைக் கழற்றினார்கள், யாரோ அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்கள். எத்தனையோ எழுத்தை உப்பிலும் மாவிலும் எழுதிக் காட்டிய அக்காவுக்குத் தன் பெயர் எழுத வரவில்லை. இரண்டு தடவை அடித்து எழுதினாள்.

ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோது உள்ளே சின்னது வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். மூடிய கதவையும் மீறி அந்தச் சத்தம் வந்தது. அந்த அழுகையை நாங்கள் அதுவரை ஒருநாளும் விரும்பியதில்லை, அன்றைக்கு மூன்று பேரும் கதவில் காதை வைக்காத குறையாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். சட்டென்று அது நின்றுபோனது. மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பெரிசு அவள் முன்னால் போய் நின்றாள். கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அவங்க பாப்பாகிட்டேர்ந்து புள்ளிய எடுக்கறாங்களா?"

அக்கா தலையை ஆட்டினாள்.

"எடுத்தா உயிர் திரும்ப வந்துடும்ல? நீதானே சொன்ன?"

அக்கா அவளையே பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் ஆயிற்றே, இதற்கும் ஒன்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"தெரியலைடி" என்றாள் அக்கா.